ஒரே வாசலை நம்பி நின்ற ஊர்கள்

 

சேர்வராயன் மலையில் பாக்சைட் எடுத்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இங்கும் கொல்லிமலையிலும் வெட்டிய அந்தச் செம்மண் லாரிகளில் மேட்டூருக்கு இறங்கியது. அங்கே 1965 முதல் இயங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மக்கள் வாயில் மால்கோ, அதை அலுமினியமாக்கியது. 1995-ல் அந்த ஆலை கைமாறியது. 2008-ல் உலகச் சந்தையில் அலுமினியம் விலை சரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் உருக்காலை நின்றது, மலையில் சுரங்க வேலையும் ஓய்ந்தது.

ஆலை நின்றால் ஆலையில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். லாரி ஓட்டியவர், லாரிக்கு பஞ்சர் ஒட்டியவர், வாசலில் டீக்கடை போட்டவர், கணக்கு நோட்டில் எழுதி மளிகை கொடுத்தவர், குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தவர் ஆகிய எவர் பெயரும் ஆலையின் சம்பளப் பட்டியலில் இருக்காது. ஆனால் அவர்கள் வீட்டு உலையும் அந்தச் சம்பளத்தில்தான் கொதித்தது. சம்பளம் வாங்கியவருக்காவது நிவாரணம் கேட்க ஒரு சட்டம் இருந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்த மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்: ஓர் ஊருக்குச் சோறு போட்ட ஒரே பெரிய இடம் மூடிவிட்டால் அந்த ஊர் எப்படி எழுந்து நிற்பது? இதற்கு உலகில் அதிகம் பேசப்படும் பாடங்கள் ராணுவத் தளங்களை மூடிய ஊர்களிலிருந்து கிடைக்கின்றன. ஏனென்றால் ராணுவத் தளமும் ஒரு பெரிய ஆலை மாதிரிதான். ஆயிரக்கணக்கானவருக்குச் சம்பளம், அதை நம்பி ஒரு கடைத்தெரு. முடிவு எடுப்பதோ எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு தலைநகரம்.

சிங்கப்பூர்: கேட்டு வாங்கிய ஒன்பது மாதம்

இதில் நமக்கு மிக நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். செம்பவாங்கில் பிரிட்டிஷாரின் பெரிய கடற்படைத் தளம் இருந்தது. செலித்தார், தெங்கா, சாங்கி ஆகிய இடங்களில் விமானத் தளங்கள் இருந்தன. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன பலர் அங்கே வெல்டராகவும் பிட்டராகவும் எழுத்தராகவும் வேலை பார்த்தார்கள். நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தளங்களால் வந்தது. நேரடி வேலையில் இருந்தவர்கள் மட்டும் 25,000-க்கும் மேல். வீட்டு வேலை, சலவை, சமையல், கடை என்று நம்பியிருந்தவர்கள் தனி.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சனின் அரசு தளங்களை 1971 மார்ச்சுக்குள் காலி செய்ய முடிவெடுத்தது. சிங்கப்பூர் தனி நாடாகி மூன்று வருடம்கூட முடியவில்லை. பிரதமர் லீ குவான் யூ லண்டனுக்குப் பறந்தார். முடிவை மாற்ற முடியவில்லை. ஆனால் 1971 டிசம்பர் வரை ஒன்பது மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. பிறகு 5 கோடி பவுண்டு உதவியும் ஒப்பந்தமானது. அதில் பெரும்பகுதி கடன், கால் பங்கு மானியம்.

அந்தக் காலத்துக்குள் அவர்கள் செய்தவற்றில் நமக்குப் பயன்படுபவை மூன்று.

முதலாவது, தளத்தின் சொத்து சிதறாமல் பார்த்துக்கொண்டார்கள். நிலம், கட்டடம், கப்பல் பழுது பார்க்கும் துறை, கருவிகள் ஆகியவற்றைக் கையேற்று மாற்றுத் தொழிலுக்குக் கொண்டுவர அரசில் ஒரு தனித் துறையே அமைத்தார்கள். கடற்படையின் கப்பல் துறை 1968-லேயே செம்பவாங் ஷிப்யார்டாக மாறி வணிகக் கப்பல்களைப் பழுது பார்க்கத் தொடங்கியது. நேற்று போர்க்கப்பலுக்கு வெல்டிங் வைத்த அதே கை இன்று சரக்குக் கப்பலுக்கு வைத்தது. சாங்கி விமானத் தளம் இருந்த இடத்தில் 1981-ல் இன்றைய பெரிய விமான நிலையம் திறக்கப்பட்டது.

இரண்டாவது, வேலை இழக்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்தார்கள். எழுத்தராக இருந்தவருக்குத் தொழிற்சாலை வேலை கற்றுத்தரும் குறுகிய காலப் பயிற்சிகள் நடந்தன. ஜூரோங்கில் 1960-களின் தொடக்கத்திலேயே தொழிற்பேட்டை கட்டத் தொடங்கியிருந்ததால், பயிற்சி முடித்தவர் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. இதைக் கவனிக்க வேண்டும். வேலை இல்லாத ஊரில் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் அதைச் சுவரில் மாட்டி வைக்கத்தான் முடியும்.

மூன்றாவது, ஒரு தளம் போன இடத்தில் இன்னொரு தளத்தைத் தேடவில்லை. கப்பல், மின்னணுச் சாதனம், எண்ணெய் சுத்திகரிப்பு, வங்கி என்று பல கால்களில் நின்றார்கள். 1970-களின் தொடக்கத்தில் வேலைக்கு ஆள் போதாமல் வெளியிலிருந்து வரவழைக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1968-ல் வந்த புதிய தொழில் சட்டம் வேலை நேரத்தை வாரம் 44 மணி என்று நிர்ணயித்து, பொது விடுமுறைகளைக் குறைத்தது. குடியுரிமை இல்லாத தொழிலாளர் பலர், நம் நாட்டவரும் சேர்த்து, பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நாடு பிழைத்த கதையைச் சொல்லும்போது அந்தக் குடும்பங்களையும் நாம் நினைக்க வேண்டும். கணக்கில் வராதவர்தான் முதலில் கீழே இறங்குகிறார்.

சூபிக்: காவலுக்கு நின்ற ஊர்க்காரர்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் சூபிக் விரிகுடாவில் அமெரிக்காவின் மாபெரும் கடற்படைத் தளம் இருந்தது. பக்கத்து ஊரான ஒலாங்கபோ அதை நம்பியே வளர்ந்தது. 1991 ஜூனில் பினடூபோ எரிமலை வெடித்து ஊர் சாம்பலில் மூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் தள ஒப்பந்தத்தை நீட்டிக்க அந்நாட்டு செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் மறுத்தது. 1992 நவம்பர் 24-ல் கடைசிக் கப்பல் கிளம்பியது.

இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாக நடப்பது சூறைதான். கதவு, ஜன்னல், வயர் எல்லாம் பிய்த்துக்கொண்டு போவார்கள். ஒலாங்கபோவில் மேயர் ரிச்சர்ட் கார்டன் அழைப்பு விடுக்க, ஏறத்தாழ 8,000 ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் காவலுக்கு நின்றார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் வந்த சட்டப்படி அமைந்த சூபிக் பே ஆணையம் அந்த இடத்தை வரிச்சலுகை உள்ள தொழில் பகுதியாக்கியது. உள்ளே துறைமுகமும் விமான ஓடுபாதையும் அப்படியே இருந்ததால் கம்பெனிகள் வந்தன. 1995-ல் ஃபெட்எக்ஸ் தன் ஆசிய மையத்தை அங்கே வைத்தது.

ஆனால் 2009-ல் ஃபெட்எக்ஸ் சீனாவின் குவாங்சோவுக்குப் போய்விட்டது. பிறகு வந்த ஹன்ஜின் என்ற கொரியக் கப்பல் கட்டும் நிறுவனம் ஆயிரக்கணக்கானவருக்கு வேலை கொடுத்து, 2019 ஜனவரியில் திவாலானது. அதாவது ஒரு பெரிய வாசல் மூடியபோது இன்னொரு பெரிய வாசலைத் திறந்தார்கள், அதுவும் மூடிக்கொண்டது. எழுந்த ஊரும் மறுபடி விழலாம் என்பதற்கு சூபிக் சாட்சி.

திருகோணமலையும் கோலாரும்

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்க்கலாம். திருகோணமலைக் கடற்படைத் தளத்தை பிரிட்டிஷார் 1957 அக்டோபரில் ஒப்படைத்தார்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அது. அங்கே இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தொட்டிகளில் 99 இன்றும் நிற்கின்றன. அவற்றில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் பயனின்றிக் காடு மண்டிக் கிடந்தது. 2003-ல் லங்கா ஐஓசி வந்த பிறகும் ஒரு சிறு பகுதிதான் பயன்பாட்டுக்கு வந்தது. மீதிக்கு ஒப்பந்தம் போட 2022 ஆனது. சொத்து இருந்தது, துறைமுகம் இருந்தது. அதை ஊருக்கு வேலையாக மாற்றும் ஏற்பாடு இல்லை, பின்னர் போரும் வந்தது.

நமக்குப் பக்கத்தில் கோலார் தங்கவயல். தமிழர்கள் நான்கைந்து தலைமுறையாக இறங்கி வேலை செய்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஊருக்குள் மாற்றுத் தொழில் வரவில்லை. ஆகவே ஊர் ரயில் ஏறியது. விடியற்காலை கிளம்பி பெங்களூருவில் வேலை பார்த்து இரவு வீடு திரும்புவதே அங்கே பல குடும்பங்களின் வாழ்க்கையாகிவிட்டது. அது பிழைப்புதான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் பிள்ளை விழித்திருக்கும்போது தகப்பன் வீட்டில் இல்லை.

நம் மலையின் வாசல்கள்

இப்போது நம்மைப் பார்ப்போம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து காப்பியும் மிளகும் ஒரு வாசல். மால்கோ மூடிய பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது சுற்றுலா என்ற இன்னொரு வாசலில். ஹோட்டல், லாட்ஜ், டாக்ஸி, ஏரிக்கரைக் கடை, பஜ்ஜி, மிளகாய் போட்ட மாங்காய் என்று எத்தனை வகையாகச் சொன்னாலும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற ஒரே கூட்டத்தை நம்பித்தான் எல்லாம்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தபோது முதல் வாசல் எப்படிச் சுருங்கும் என்று பார்த்தோம். 2020 மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு வந்தபோது இரண்டாவது வாசலும் மூடியதைப் பார்த்தோம். ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாத சீசன் சம்பாத்தியத்தில் வருடத்தை ஓட்டுகிற குடும்பங்களுக்கு அந்த சீசனே இல்லை. நகை அடகுக்குப் போனது, வண்டித் தவணை நின்றது. ஒரு வீட்டில் நான்கு பேர் சம்பாதித்தும் நால்வரும் ஒரே தொழிலில் இருந்தால், அது நான்கு வருமானம் அல்ல, ஒரு வருமானம்தான் என்பதை அந்த வருடம் கற்றுக்கொடுத்தது.

உங்களுக்கு உரியதை விடாதீர்கள்

எஸ்டேட், லாட்ஜ், ஆலை என்று எங்கே சம்பளத்துக்கு இருந்தாலும், மூடும்போது சில உரிமைகள் உண்டு. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு பணிக்கொடை உண்டு. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 15,600 ரூபாய், வேலை 12 வருடம் என்று வைத்துக்கொண்டால் 1,08,000 ரூபாய் வரும். ஆட்குறைப்பு என்றால் ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற இழப்பீடு தனி. அது பணிக்கொடையில் அடங்காது. இரண்டையும் ஒன்றாக்கிக் கையெழுத்து வாங்க முயன்றால் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

பி.எஃப். பணத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வேலை போனதும் பென்ஷன் பகுதியையும் சேர்த்து முழுவதும் எடுத்துவிடுகிறார்கள். பத்து வருட சேவை இருந்தால்தான் மாதப் பென்ஷன். எட்டு, ஒன்பது வருடத்தில் நிற்பவர் அந்தப் பகுதியை எடுக்காமல் விட்டு, அடுத்த வேலையில் அதே கணக்கைத் தொடர்ந்தால் முதுமையில் ஒரு வருமானம் கிடைக்கும்.

சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள், அதாவது டிரைவர், தையற்காரர், கட்டட வேலை செய்பவர், தெருக்கடை வைத்திருப்பவர் ஆகியோர், தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிந்து வையுங்கள். பள்ளிவாசல், மதரஸாவில் பணி செய்வோருக்கு உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் இருக்கிறது. ஆதரவற்ற பெண்களுக்கு மாவட்ட அளவில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. கஷ்டம் வந்த பிறகு ஓடினால் தாள்கள் சேர்க்கவே மாதங்கள் ஆகிவிடும். நிழல் இருக்கும்போதே குடை தைத்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கம் காட்டும் வழி

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் செய்த ஏற்பாட்டை நாம் அறிவோம். செழித்த ஏழு வருடத்தில் சேமித்தார்கள், வறண்ட ஏழு வருடத்தில் மக்கள் அதை உண்டார்கள். தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதல்ல என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

அபூதாவூதில் அனஸ் (ரலி) வழியாக வரும் செய்தி ஒன்றும் நமக்குப் பழக்கமானதே. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றுத் தந்தார்கள். ஒன்றில் வீட்டுக்கு உணவு, மற்றொன்றில் கோடாரி. தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு வந்தார். சிங்கப்பூர் செய்ததும் இந்த வரிசையில்தான்: இருக்கும் சொத்தைக் கணக்கெடு, இன்றைய பசியை ஆற்று, கையில் கருவி கொடு, தவணை சொல்லித் திரும்பப் பார். நாம் பல நேரம் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம். அரிசி மூட்டை கொடுத்துவிட்டு, அடுத்த ரமளானில் அதே வீட்டுக்கு அதே மூட்டையைக் கொண்டுபோகிறோம்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஏழைகளும் தேவையுடையோரும் மட்டுமல்ல, கடனில் மூழ்கியவர்களும் உண்டு. தொழில் தெரிந்தவருக்கு அவர் தொழில் கருவியின் விலையையும், வியாபாரிக்கு முதலையும் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் ஹனஃபீ வழியில் வேறு கருத்து உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஜகாத் பெறும் நிலையில் இல்லாமல், தற்காலிகமாகத் தடுமாறுகிறவருக்கு வட்டியில்லாத அழகிய கடன். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். அடகுக்கடைக்குப் போகும் நகையை பைத்துல்மால் வாசலில் நிறுத்த முடிந்தால் அதுவே பெரிய உதவி.

நாம் செய்ய நினைப்பது

மேலே கண்ட ஊர்களிலிருந்து நம் மஹல்லாவுக்கு நான்கு வேலைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்.

1. வருமானக் கணக்கெடுப்பு. எந்த வீடு எதை நம்பி இருக்கிறது, மூன்று மாதம் சுற்றுலா நின்றால் எத்தனை வீடு தடுமாறும் என்று தெரிந்தால்தான் உதவி சரியான கதவைத் தட்டும். விவரம் நிர்வாகிகளைத் தாண்டி வெளியே போகாது.

2. சீசன் சேமிப்பு. ஏப்ரல், மே மாதங்களில் முடிந்ததை பைத்துல்மாலில் அமானிதமாக வைத்து, மழைக்காலத்தில் திரும்பப் பெறும் ஏற்பாடு. இது நன்கொடை அல்ல, உங்கள் பணம். அதற்குத் தனிக் கணக்கும் ரசீதும் இருக்கும்.

3. வீட்டுக்கு ஓர் இரண்டாம் தொழில். நான்கு பேர் சுற்றுலாவில் இருக்கும் வீட்டில் ஒருவராவது வேறு பக்கம் போகட்டும். ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், நர்சிங், கணக்கு எழுதுதல் என்று மழையிலும் நடக்கும் வேலைகள் பல. மகளை மேலே படிக்க வைப்பதும் இதில் சேர்த்தி. ஐ.டி.ஐ. சேர்க்கைக்கும் விண்ணப்பங்களுக்கும் துணை நிற்போம்.

4. எல்லோரோடும் சேர்ந்து நிற்பது. மலை எல்லோருக்கும் பொது. மலையாளி மக்களும், எஸ்டேட் தொழிலாளரும், கீழே சேலத்திலிருந்து வந்து கடை போட்டவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறி இறங்குகிறோம். ஒலாங்கபோவில் காவலுக்கு நின்ற 8,000 பேரும் ஊர்க்காரர் என்ற ஒரே கணக்கில்தான் நின்றார்கள். ஊருக்குப் பொதுவான கோரிக்கை எழும்போது நம் ஜமாஅத்தும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கணக்கெடுப்புப் படிவம் கொடுக்கப்படும். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு எங்கள் சகோதரிகள் நேரில் வருவார்கள். படிவத்தில் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் வீட்டுச் செலவு எந்த வாசல் வழியாக வருகிறது? இரண்டாவது வாசல் இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், எங்கள் வேலை அந்தக் காலி இடத்திலிருந்து தொடங்கும்.